சான்றிதழில் 45, தீர்ப்பில் 20: காயமடைந்தவருக்கான இழப்பீட்டுக் கணக்கு

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் விபத்து வழக்கின் தீர்ப்பு நகலை வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது தொகையை. அடுத்துக் கண்ணில் படுவது ஒரு சதவீதம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அரசு ராஜாஜி மருத்துவமனை மருத்துவ வாரியம் 45 சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்திருக்கும். தீர்ப்பில் 20 என்று இருக்கும். பக்கத்து ஊர்க்காரருக்கு 60 என்று எழுதியதை நீதிபதி 100 ஆக்கியிருப்பார். "வக்கீல் சரியாக வாதாடவில்லை", "இன்சூரன்ஸ்காரன் உள்ளே புகுந்துவிட்டான்" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. மருத்துவர் ஒரு கேள்விக்குப் பதில் எழுதினார், நீதிபதி வேறொரு கேள்விக்குப் பதில் எழுதினார், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விகள் எவை, எந்த அலுவலகத்தில் எது கேட்கப்படும், அதனால் கைக்கு வரும் பணம் எப்படி மாறும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். 'ஊனம்' என்ற சொல் சட்டக் கணக்கிலும் சான்றிதழிலும் புழங்குவதால் அந்த இடங்களில் மட்டும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது?

காயம் ஒன்றுதான். அது எப்படி நேர்ந்தது என்பதைப் பொறுத்துப் போகவேண்டிய இடம் மாறும்.

1. வண்டி மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வழக்கு எண்ணுக்கு முன்னால் எம்.சி.ஓ.பி. என்று இருக்கும்.
2. வேலை பார்க்கும்போது அடிபட்டிருந்தால், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவருக்கு இ.எஸ்.ஐ.; இல்லாதவருக்குத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர்.
3. சிகிச்சையில் நடந்த தவறு என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.
4. அறுந்து கிடந்த மின்கம்பி போன்றவை என்றால் சிவில் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.
5. எப்படி நேர்ந்திருந்தாலும் குறை நிலைத்துவிட்டது என்றால் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

முதல் நான்கில் பணம் தர ஒருவர் வேண்டும். ஐந்தாவதில் யார் மேலும் தப்புச் சொல்ல வேண்டியதில்லை. பிறவியிலேயே வந்த குறையானாலும் பைக்கில் வழுக்கி விழுந்து வந்ததானாலும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான்.

ஒரே கால், பல சதவீதம்

முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்து, ஒன்றரை ஆண்டு கழித்தும் கால் சரியாக மடங்காத ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு காலுக்குக் குறைந்தது நான்கு சதவீதங்கள் கிடைக்கலாம்.

1. உறுப்பின் சதவீதம். அந்தக் காலை மட்டும் அளந்து, அதன் இயக்கத்தில் எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் சொல்வது.
2. முழு உடலின் சதவீதம். கால் உடம்பின் ஒரு பகுதி. காலில் 45 சதவீதம் போனால் உடம்பில் 45 போனதாக ஆகாது, எண் குறையும்.
3. வருமானத் திறன் இழப்பு. இந்தக் காலோடு இந்த ஆள் இந்தத் தொழிலைச் செய்து முன்புபோலச் சம்பாதிக்க முடியுமா என்பது. இதை முடிவுசெய்பவர் நீதிபதி.
4. அட்டவணைச் சதவீதம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் உறுப்புவாரியாக முன்கூட்டியே அச்சடித்து வைத்திருப்பது.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் இந்தப் பாகுபாட்டுக்கு அடித்தளம். அதற்குப் பின் வந்த காய வழக்குத் தீர்ப்புகளில் இந்தப் பெயர் வராதது அபூர்வம். அதில் வரும் உதாரணம் எளிமையானது. ஒருவருக்கு இடது கை போய்விட்டது, மருத்துவக் கணக்கில் ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்து அந்தத் தொழிலையே செய்ய முடியாமல் போனால் வருமான இழப்பு ஏறத்தாழ 100 சதவீதம். அவரே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால் வேலையும் போகாது, சம்பளமும் குறையாது. கை ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான், தொகை மட்டும் எங்கேயோ போய்விடுகிறது.

மதுரையில் இதைப் புரிந்துகொள்ள மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வரை போனால் போதும். மல்லிகைச் சரம் கட்டும் பெண்ணின் கையைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கை நாரை இழுத்துப் பிடிக்க, மறுகைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டிரண்டு மொட்டாக எதிரெதிரே வைத்துச் சுருக்குப் போடும். கண் அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. அவர் போன ஷேர் ஆட்டோ கவிழ்ந்து ஆள்காட்டி விரலின் நரம்பு போய்விட்டது என்றால், முழு உடலுக்கான கணக்கில் அது சின்ன எண்ணாகத்தான் வரும். மார்க்கெட்டிலோ அவருக்குப் பிழைப்பு முடிந்தது. சான்றிதழை மட்டும் தீர்ப்பாயத்தில் கொடுத்தால் அந்தச் சின்ன எண்தான் கணக்கில் ஏறும். சரம் எப்படிக் கட்டப்படுகிறது, அதற்கு எந்த விரல் வேண்டும் என்பதை யாராவது சாட்சியமாகச் சொன்னால்தான் எண் மாறும்.

அதனால் சிகிச்சை தந்த மருத்துவரிடம் கேட்க வேண்டியது "எத்தனை பர்சன்ட் சார்?" என்பது மட்டுமல்ல. மூட்டை தூக்கலாமா, சம்மணம் போட்டு உட்காரலாமா, படி ஏறலாமா, கிளட்ச் மிதிக்கலாமா, மறுபடி ஆபரேஷன் வேண்டியிருக்குமா என்பவை எழுத்தில் வர வேண்டும். சிகிச்சையே தராமல் சான்றிதழ் மட்டும் எழுதித் தரும் மருத்துவர்களின் சாட்சியத்தை எச்சரிக்கையோடு அணுகச் சொன்னதும் அதே 2010 தீர்ப்புதான். காசு கொடுத்து வாங்கிய பெரிய சதவீதம் குறுக்கு விசாரணையில் கரைந்துபோவது இதனால்தான்.

தொகை எப்படி வருகிறது?

காய வழக்கில் தொகை இரண்டு கூறாக வரும். செலவும் வலியும் ஒன்று: ஆஸ்பத்திரி பில், ஆம்புலன்ஸ், சத்துணவு, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவரின் கூலி, படுத்திருந்த மாதங்களில் போன வருமானம், உடல்வலி, மன உளைச்சல். இன்னொன்று வருங்கால வருமான இழப்பு. பெரிய தொகை இதில்தான்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் 34 வயதுத் தொழிலாளி. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. ஒரு கால் போய்விட்டது.

1. சொந்தமாகச் சம்பாதிப்பவருக்கு 40 வயதுக்குக் கீழ் என்றால் வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 2017-ல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பின் விதி இது. மாதம் 21,000 ஆகிறது.
2. ஆண்டுக்கு 2,52,000.
3. வயதுக்கேற்ற பெருக்கு எண், கோர்ட் பேச்சில் 'மல்டிப்ளையர்'. 2009-ம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் பட்டியலில் 31 முதல் 35 வயது வரை 16. பெருக்கினால் 40,32,000.
4. இதில் வருமானத் திறன் இழப்பின் பங்கு. 50 சதவீதம் என்றால் 20,16,000. 80 சதவீதம் என்றால் 32,25,600.

அந்தச் சதவீதம் 50-லிருந்து 80 ஆனதால் மட்டும் வந்த வித்தியாசம் 12 லட்சத்துக்கு மேல். வழக்கில் எதற்காக அதிகம் மல்லுக்கட்ட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. இறந்தவரின் குடும்பம் போடும் வழக்கில் அவருடைய சொந்தச் செலவு என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். உயிரோடு இருப்பவரின் காய வழக்கில் அந்தக் கழிவு கிடையாது.

"சம்பளச் சீட்டு இல்லையே, வருமானத்தை எப்படிக் காட்டுவது?" என்பது மார்க்கெட் ஆட்களின் நியாயமான கவலை. 2014-ல் சையத் சாதிக் வழக்கில் காலை இழந்தவர் ஒரு காய்கறி வியாபாரி. தள்ளுவண்டிக்காரரிடம் வருமான ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவருடைய மாத வருமானத்தை 6,500 ரூபாயாகவும் இழப்பை 85 சதவீதமாகவும் எடுத்துக்கொண்டது. வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணுக்கும் மதிப்பீட்டு வருமானம் உண்டு. "சும்மா வீட்டில்தான் இருக்கார்" என்று மனுவில் எழுத விட்டுவிடாதீர்கள்.

செயற்கைக் காலும் ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் வருகிற சாமான் இல்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நடுவில் பழுது பார்க்க வேண்டும். அந்தச் செலவையும் இழப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2022-ல் முகமது சபீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விலைப்பட்டியல் ஒன்றை வாங்கி மனுவோடு இணைப்பது வக்கீலின் வேலை. நினைவூட்டுவது நம் வேலை.

சாலை விபத்து: முதல் வரியும் ஆறு மாதமும்

அடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கி வந்ததும் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார். அதன் நகலைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்கிறோம். கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொன்னால் அப்படியே பதிவாகும். பின்னால் வேன் மோதியதால்தான் விழுந்தார் என்பது அந்த வரியில் இருக்காது. இரண்டு ஆண்டு கழித்து இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கையில் முதலில் எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். மோதிய வண்டி எது, நம்பர் தெரியுமா தெரியாதா, எந்த இடம் என்ற மூன்றையும் அந்த நேரத்திலேயே சொல்லிவிடுவது பின்னால் எந்த வாதத்தைவிடவும் உதவும்.

அதன் பிறகு தேவைப்படுபவை: முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் உட்பட எல்லா ரசீதும். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி போலீசாரே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்குத் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்கானது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. இவை இழப்பீடு அல்ல, அதற்கு முந்தைய கைத்தாங்கல்.

அதிகம் கேட்கப்படும் சில சிக்கல்கள்:

1. காலவரம்பு. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் கொண்டுவந்து 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. அதற்கு முன் பல ஆண்டுகளாக வரம்பே இல்லை. இதை எதிர்த்து வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதை நம்பிக் காலத்தைக் கடத்துவது புத்திசாலித்தனம் இல்லை.

2. இடம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன உசிலம்பட்டிக்காரர் அங்கே அடிபட்டால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருப்பூர் போக வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊர் எந்தத் தீர்ப்பாயத்தின் எல்லையில் வருகிறதோ அங்கேயே மனு போடலாம்.

3. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால். மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம். வருவாய்த் துறை விசாரித்து, மாவட்ட ஆட்சியர் அளவில் முடிவாகும். நான்குவழிச் சாலையில் ராத்திரி நேரத்தில் அடிபட்ட பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

4. உடனே கிடைக்கும் 2.5 லட்சம். யார் தப்பு என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தர மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி சமரசமாகத் தரும் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட பெரிய மனு காலாவதியாகிவிடும். மேலே போட்ட 32 லட்சக் கணக்கை ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

5. லோடு ஆட்டோ பயணம். களை எடுக்கவும் நாற்று நடவும் 'குட்டியானை'யில் நின்றுகொண்டு போகும் பெண்களை மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் காலை ஆறரை மணிக்கு எங்கும் பார்க்கலாம். அந்த வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி 'சரக்கு வண்டியில் ஏறிய பயணி' என்று சொல்லிக் கை கழுவும். அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது: சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய ஆளுக்கோதான் பாதுகாப்பு, சும்மா ஏறியவருக்கு இல்லை என்பது 2002-ம் ஆண்டின் ஆஷா ராணி தீர்ப்பு. அப்போது பொறுப்பு வண்டி உரிமையாளர் தலையில். அவரிடம் இருப்பதே அந்த ஒரு வண்டிதான் என்றால் தீர்ப்பு காகிதமாகவே நிற்கும். இழப்பீட்டுச் சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

6. லைசென்ஸ் தகராறு. கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு லோடு ஆட்டோ ஓட்டினார் என்ற காரணத்தைச் சொல்லி இனி எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை இலகுரக வாகன லைசென்சில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. லைசென்சே இல்லையென்றாலும், 'காயம்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவிடுவது தீர்ப்பாயங்களில் வழக்கம்.

7. தானே போய் மோதினால். சொந்த பைக்கில் வேகத்தடையில் தடுமாறி விழுந்தவருக்கு எதிர்த்தரப்பு என்று யாருமில்லை. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் உச்சம் 15 லட்சம். ஒரு கையோ காலோ கண்ணோ போனால் அதில் பாதி. "எங்க ஊரில் யார் இதெல்லாம் எடுக்கிறாங்க" என்பார்கள். எடுத்திருப்பார்கள், படித்திருக்க மாட்டார்கள்.

வேலையில் அடிபட்டால்

இங்கே யார் தப்பு என்ற கேள்வி அநேகமாக எழாது. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்தது என்பது போதும். கல் ஏற்றிக்கொண்டு போன லாரி டிரைவர் தூக்கக் கலக்கத்தில் சாலையோரப் புளியமரத்தில் மோதிவிட்டார் என்று வையுங்கள். தன் தப்புக்குத் தானே விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க முடியாது. தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கேட்கலாம். இரண்டு கதவும் திறந்திருக்கும் ஆளுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க உரிமை. இரண்டிலும் கேட்க முடியாது.

இதுவரை இதற்கு ஆதாரமாக இருந்தது 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்து இதையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் உள்வாங்கிக்கொண்டது. பெயர் மாறினாலும் கணக்கின் எலும்புக்கூடு அதேதான்.

பழைய சட்டப்படி ஒரு கணக்கு. கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற ஓர் இடத்தில் பவர் பிரஸ்ஸில் 30 வயதுக்காரருக்குக் கட்டைவிரல் போய்விட்டது, இ.எஸ்.ஐ. இல்லை.

1. கூலி 20,000 ஆனாலும் கணக்கில் எடுக்கும் உச்சம் 15,000. இந்த வரம்பு 2020 ஜனவரியில் வந்தது.
2. அதில் 60 சதவீதம், 9,000.
3. வயதுவாரியாகச் சட்டம் தரும் காரணி எண் 30 வயதுக்கு 207.98. பெருக்கினால் 18,71,820.
4. அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம். ஆக 5,61,546 ரூபாய்.

நான்கு விரலும் போனால் அட்டவணை 50 என்கிறது. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. இங்கும் அட்டவணையே முடிந்த முடிவல்ல. 1975-ல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சருக்கு அது முழு ஊனம்தான், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2010 தீர்ப்பின் வேர் இந்தத் தச்சரிடம் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

விபத்தாகி ஒரு மாதத்துக்குள் முதலாளி தொகையைக் கட்டவில்லை என்றால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி; காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரும். கோரிக்கைக்கு 2 ஆண்டு அவகாசம்.

"ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியே பார்த்துக்கும்ப்பா, இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று ஒரு தாள் நீட்டப்படும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டவரும் மனுப் போடலாம். மேஸ்திரிதான் கூட்டி வந்தார், பெரிய கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்ற பேச்சும் எடுபடாது. வேலையைக் கொடுத்த மூல முதலாளிக்கும் பொறுப்பு உண்டு.

இ.எஸ்.ஐ. உள்ளவர் இந்த வழியில் முதலாளியிடம் கேட்க முடியாது. அவருக்குச் சிகிச்சைக் காலத்தில் சராசரி நாள்கூலியில் 90 சதவீதம், பிறகு சம்பாதிக்கும் திறனில் போன அளவுக்கு மாதாந்திரத் தொகை. மொத்தமாகப் பெரிய தொகை வராது. ஆயுள் முழுக்க வரும்.

சிகிச்சைத் தவறும் மின்கம்பியும்

காசு கட்டிப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995 முதல் தீர்ந்துபோன விஷயம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதற்குள் வராது; அங்கே நடந்த தவறுக்கு சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்றம். நுகர்வோர் ஆணையத்துக்குக் காலவரம்பு 2 ஆண்டு. கட்டிய கட்டணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை, கட்டிய கட்டணத்தை வைத்துத்தான் இந்த எல்லை. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. ஆபரேஷன் சரியாக வரவில்லை என்பதாலேயே தவறு என்று ஆகிவிடாது. சராசரித் திறமையுள்ள மருத்துவர் செய்திருக்க மாட்டாத ஒன்றைச் செய்தார் என்று இன்னொரு மருத்துவரின் கருத்தோடு காட்ட வேண்டும். பல வழக்குகள் விழுவது இந்த இடத்தில்.

மின்சாரத்தில் நிலைமை நேர்மாறு. அறுந்த கம்பியை மிதித்தவர் யாருடைய அலட்சியம் என்று தேடி அலைய வேண்டாம். ஆபத்தான பொருளைக் கையாளுகிற நிறுவனத்துக்கே முழுப் பொறுப்பு என்று 2002-ல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கும் பொருந்தும்.

வேலை போகுமா?

அடிபட்டவர் அரசு வேலையில் இருந்தால் இந்தப் பகுதிதான் இழப்பீட்டைவிட முக்கியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ம் பிரிவுப்படி, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலை முடியாது என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை; அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். பார்வை குறைந்த அரசுப் பேருந்து ஓட்டுநரை 'மருத்துவத் தகுதியின்மை' என்று வீட்டுக்கு அனுப்பும் உத்தரவுகள் நீதிமன்றங்களில் ரத்தாவது இந்தப் பிரிவின் பலத்தில். "நானே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்" என்ற நிலை வராமல் பார்த்துக்கொண்டால் சரி. தனியார் வேலைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

மற்ற உரிமைகளுக்கு வாசல் யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. 21 வகைக் குறைபாடுகள் அதில் அடங்கும். பெரும்பாலான சலுகைகளுக்கும் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கும் வாசற்படி 40 சதவீதம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்புத் தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். விண்ணப்பம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.

இங்கேயும் பழைய குழப்பம் தலைகாட்டும். விபத்து வழக்குக்கு வாங்கிய 45 சதவீதம் ஒற்றைக் காலுக்கானதாக இருக்கலாம். அதை வைத்து அட்டையும் வந்துவிடும் என்று நம்ப முடியாது. அட்டைக்கான மதிப்பீடு தனி. தலைகீழாக, அட்டையில் 35 என்று வந்ததால் வழக்கு தோற்றுவிடும் என்று பயப்படவும் வேண்டாம்.

வக்கீல், சமரசம், வசூல்

மருத்துவமனை வாசலிலேயே "கேஸ் போட்டுத் தரேன், வர்றதில் இத்தனை பர்சன்ட்" என்று ஆட்கள் வருவார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதியில் தடை செய்யப்பட்டது. வெற்று வக்காலத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வாங்கப்படுவது இந்த இடத்தில்தான். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், குழந்தைகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

மக்கள் நீதிமன்றத்தில் ஒரே நாளில் முடியும், பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகையை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் 90 நாளுக்குள் ஒத்தக்கடைக்குப் பக்கத்திலுள்ள மதுரைக் கிளைக்குப் போகலாம். ஆகவே சமரசத்துக்கு உட்காரும் முன் வருமானம், வயது, இழப்புச் சதவீதம் மூன்றையும் வைத்து நாமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பது நல்லது. அந்தக் கணக்கில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சீக்கிரம் வாங்குவது வேறு, கணக்கே தெரியாமல் தலையாட்டுவது வேறு.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் தானாக வராது. இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் கம்பெனி டெபாசிட் கட்டிவிடும், அல்லது மேல்முறையீடு போகும். அரசுப் பேருந்து என்றால் நிலைமை வேறு. போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்துக்கொள்வதன் பேரில் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற முடியும் என்பதால் தொகையைக் கழகமே தர வேண்டியிருக்கும். நிதி இல்லையென்று நாள் கடந்தால் காயமடைந்தவர் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனுப் போடுவார். பயணிகளை இறக்கிவிட்டு, முன் கண்ணாடியில் நீதிமன்ற ஊழியரான அமீனா நோட்டீஸ் ஒட்டும் 'பேருந்து ஜப்தி' செய்திகளின் பின்கதை இதுதான். பேருந்தை விற்று யாரும் பணம் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பகுதித் தொகை கட்டப்பட்டதும் வண்டி மறுபடி ரூட்டுக்குப் போய்விடும். மீதிக்கு வட்டியோடு இன்னொரு மனு.